மிதிக்காமல் விலகிய கால்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன் நான். இளவயதிலேயே விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு நேரத்தில், என் முதுகு இறுகிவிடும், வேலை செய்யச் செய்ய இளகும். அதனால் என் வலியை யாரும் நம்பவில்லை. "பெரட்டுல கெழவன், மத்தியானம் மாப்புள்ள" என்று கங்காணி சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் எழவே முடியவில்லை. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் முதுகுப்பிடிப்பு விடும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள நம்பிக்கை. அப்படிப் பிறந்த செல்லம்மா அக்காவை என் மனைவி அழைத்து வந்தாள். குப்புறப் படுத்தேன். அக்காவின் ஈரக்கால் முதுகில் பட்டது, உடனே விலகியது.

"என்னாக்கா, ஏறி மிதிங்க!" என்றாள் மனைவி.

"எல்லார் முதுகும் கொஞ்சம் அமுங்கும்டி. இது பலக மாதிரி கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"அக்காவுக்கு வயசாயிருச்சு!" என்று வாசலில் நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிடித்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே என் முதுகெலும்பைத் தாக்கி, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறதாம். அபூர்வமான நோய், முழுதாகக் குணமாகாது என்றார் டாக்டர். மிதிக்கவிருந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மிதித்திருந்தால் முதுகு முறிந்து, கால்கள் இரண்டும் விளங்காமல் போயிருக்கலாமாம்.

இப்போது கழுத்தும் இறுகத் தொடங்கிவிட்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புகிறேன். அடுத்து எது இறுகுமோ தெரியவில்லை. ஆனாலும் தினமும் என் காலால் மலை ஏறுகிறேன். வழியில் அக்காவைப் பார்த்தால் நன்றி சொல்லக் கூச்சம், வாய் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு, 1982 மார்ச் 7.