வரலாற்றுப் பாடத்தில் ஒரு கீச்சுச் சத்தம்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி போன் செய்தாள். தாராபுரத்தில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு படித்து முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். போனில் வாசித்துக் காட்டும் செயலி இருந்தது. ஆனால் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்தால் அது வாயடைத்துப் போய்விடுமாம். "நீங்க வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்பினா அவளுக்குப் பெரிய உதவிங்க" என்றாள். முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவள் நான். குரலுக்கா பஞ்சம்? உடனே ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீடு போத்தனூரில் ரயில் பாதைக்கு அருகில் இருக்கிறது. இரண்டு ரயில்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மைக்கைச் சொருகி, சோழர் நிர்வாகம் முழுவதையும் வாசித்து அனுப்பினேன். பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் தாராபுரத்துப் பெண்ணே கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, அருமையா வாசிக்கறீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்டுல எலி இருக்குதுங்களா?"

"எலியா? அதெல்லாம் இல்ல கண்ணு."

"இல்லீங்க்கா, இருக்குது. குடவோலை வர்ற எடத்துல ரெண்டு தடவ கீச்சுங்குது. பாடம் முடியறப்ப ஒரே ஓட்டமா ஓடுது."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. கட்டிலை நகர்த்தினேன், அட்டாலியில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினேன். என் வீட்டுக்காரர் எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தார். அதில் எறும்புதான் வந்தது.

மூன்றாம் நாள் நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பதிவைக் கேட்டேன். சத்தம் இருக்கத்தான் செய்தது. கேட்டுக்கொண்டே மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். நகர்த்தும்போதெல்லாம் காதுக்குள் கீச், கீச். புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திரையில் கொண்டுவர நான் மவுஸைத் தொட்ட இடங்களில்தான் அவளுக்கு எலி கேட்டிருக்கிறது. சிரிப்பு தாங்காமல் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதற்குக் காரணம் சொல்லாமல் விடமாட்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சத்தந்தானுங்க மைக்குல ஏறுது. புதுசா சவுண்டு கார்டு வாங்கோணுமாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"எதுக்கம்மணி? மதர்போர்டுலயே சவுண்டு இருக்குதல்ல. பாட்டு நல்லாத்தான கேக்குது? அந்தப் பொட்டியில எதையும் வாங்கிப் போட்டு வைக்காத. பொழுதோட வந்து பாக்கறேன்."

வந்தார். பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றினார். முன்பக்கம் மைக் சொருகும் துளையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், போர்டுக்கு மேலேயே வளைந்து வளைந்து பின்னால் போனது. "பாரு, கரண்டு ஓடற எடத்துக்கு மேலயே இத இழுத்திருக்கறான். ஊருல இருக்கற சத்தமெல்லாம் இதுலதான் ஏறும்" என்று சொல்லி, மைக்கைப் பின்பக்கத் துளையில் மாற்றிச் சொருகினார். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. அவருக்கு வெற்றி, எனக்கு அரை வெற்றி.

நான் விடுவதாக இல்லை. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் சவுண்டு கார்டு கேட்டேன். கடைக்காரம்மா எடுத்துக் கொடுக்காமல் என்னைக் கேள்வி கேட்டார்.

"கேக்கறதுக்குங்களா, பேசிப் பதியறதுக்குங்களா?"

"பதியறதுக்குங்க."

"அப்பச் செரி. கேக்கறதுக்கு மட்டும்னா போர்டுல இருக்கறதே போதும், வாங்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க கேபினெட் பெருசுங்களா, ஒல்லிங்களா?"

பெரியதுதான் என்று அடித்துச் சொல்லி ஒரு கார்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பெட்டி ஒல்லி. கார்டின் ஓரத்தில் இருக்கும் தகரம் பெட்டியின் துளையைவிட இரண்டு விரல் நீளம். அதை அறுத்துவிடலாம் என்று அவர் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்துவிட்டு, யூ.எஸ்.பி.யில் சொருகும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெளிக் கார்டு ஒன்றைக் கொடுத்தார். "இது பொட்டிக்கு வெளியிலயே இருக்கும். உள்ள இருக்கற சத்தம் இதுக்கு அண்டாதுங்க."

வீட்டில் விவாதம் தீரவில்லை. பின்பக்கத் துளையே போதும் என்றார் அவர். கடைசியில் தாராபுரத்துக்காரியே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். ஒரே பத்தியை முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை, புதுக் கார்டு என்று மூன்று விதமாகப் பதிந்து, எது எது என்று சொல்லாமல் அனுப்பினோம். பதில் வரும்வரை அவர் பட்டறைக்குப் போகவில்லை.

"மொதலாவதுல அதே எலிங்க்கா, குடும்பத்தோட. ரெண்டாவதுல எலி பக்கத்து ஊட்டுக்குப் போயிருச்சு. மூணாவதுல சுத்தமா இல்ல. ஆனா..."

"ஆனா என்ன கண்ணு?"

"மூணாவதுல பக்கத்து ரூம்புல யாரோ காப்பிய உறிஞ்சறாங்க. டம்ளர வெக்கற சத்தங்கூடக் கேக்குதுங்க்கா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கையில் டம்ளரோடு நின்றிருந்த அவர் என்னைப் பார்த்தார். "இந்தக் காதுக்கு அந்தக் கார்டு வேணுந்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு நான் பதிவு செய்யும் நேரங்களில் வாசலில் நின்றுதான் காப்பி குடித்தார்.

எட்டு மாதம் வாசித்தேன். மொகலாயர், மராத்தியர், விடுதலைப் போராட்டம் எல்லாம் முடித்தோம். நடுவில் ஒருநாள், தானும் ஒரு கார்டு வாங்கலாமா என்று கேட்டாள். கேட்பதற்கு அவளுடைய கம்ப்யூட்டரில் இருப்பதே போதும் என்று, கடைக்காரம்மா சொன்னதை என் சொந்த அறிவு போலச் சொன்னேன்.

அவள் தேர்ச்சி பெற்றாள். அந்தியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்பு அண்ணனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதுவரை குரலாக மட்டும் இருந்தவள், என்னைவிட ஒரு சாண் உயரம். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை.

சாப்பிட்ட பிறகு, தன் வகுப்புக்காக ஒரு பாடத்தைப் பேசிப் பதிய வேண்டும் என்றாள். மைக்கை மாட்டிவிட்டேன். எந்தத் தாளும் இல்லாமல், தடங்கல் இல்லாமல் பத்து நிமிடம் பேசினாள். அவ்வளவு நாள் வாசித்த எனக்கே அந்தப் பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது. போட்டுக் காட்டியதும் அவள் முகம் மாறியது.

"என்ற கொரலு இத்தன கட்டையாவாங்க்கா இருக்குது?"

"கணீர்னு இருக்குது கண்ணு. கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும்."

அவள் சிரித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர் உட்பட நாங்கள் நால்வரும் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கேட்டோம்.