பாவு தின்ற அரிசி

மகள் ஏதோ இத்தாலி சமையல் என்று வேகவைத்தது குழைந்து பசையாகிவிட்டது. மாவு வெந்த அந்த வாசனை என்னைக் காஞ்சிபுரத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

அரிசி கிடைக்காத காலம். ரேஷனில் கோதுமை போட்டார்கள். சப்பாத்தி சுடுகிறேன் என்றாள் அம்மா. அவள் அதைச் சாப்பிட்டதுகூட இல்லை. பகலெல்லாம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்த அலுப்பு வேறு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி காய்ச்சிய கைப்பழக்கத்தில், கோதுமை மாவையும் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறிவிட்டாள். கல்லில் போட்டதெல்லாம் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

அப்பா தொட்டுப் பார்த்தார். “இன்னாடி இது, பாவுக்குப் போடற கஞ்சியாட்டம் இருக்குது?”

“பாவுக்குக் காலையிலயே போட்டாச்சு. வீட்ல இருந்த கடைசி அரிசி அதுக்குத்தான் போச்சு. நமக்கு இதான். பேசாம துன்னுங்க.”

கல்லைச் சுரண்டிச் சுரண்டித் தின்றோம். எங்கள் அரிசியைக் குடித்த பாவு, தறியில் விறைப்பாக நின்றது.

“நல்லா வரலப்பா. கொட்டிடவா?” என்றாள் மகள்.

எனக்குப் பசியில்லை. ஆனாலும் தட்டை நீட்டினேன்.