மோதி பாக்கில் ஒரு டோக்கியோ

ஐம்பத்திரண்டு வயதில், பழைய சின்னக் காருக்கு அடியில் கலர் விளக்கு மாட்டியவன் நான். மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்கும்.

டோக்கியோ வீடியோக்கள்தான் காரணம். அங்கே சிலர் கோடிக்கணக்கில் கொட்டி இத்தாலியக் காரை வாங்குகிறார்கள். உடம்பெல்லாம் மினுக்குக்கல் ஒட்டி, அடியில் ஊதா விளக்கு எரியவிட்டு, பின்பக்கம் நெருப்புக் கக்க நடுத்தெருவில் நிற்கிறார்கள். யார் முகம் சுளித்தாலும் கவலையில்லை. ஃபைலில் கையெழுத்துப் போடவே மூன்று பேரைக் கேட்கும் எனக்கு அந்தத் திமிர் பிடித்துப்போயிற்று. டெல்லி கரோல் பாக் கடைக்காரர் காரின் அடியிலும் உள்கூரையிலும் பட்டை பட்டையாக விளக்கு ஒட்டினார். பாட்டுச் சத்தம் கேட்டால் அதுவே ஆடும். அணைக்க ரிமோட் வேண்டும்.

மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம்." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் மாடி வீட்டுப் பெரியவர் போய்விட்டார். மகள் சென்னையிலிருந்து வர வேண்டும். பனிமூட்டத்தில் விமானம் தாமதம். மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவள் அப்பா முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"அண்ணே, நீங்க போய் ஜல்தி கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் அவள் அண்ணன். ஓடினேன். ரிமோட் வீட்டில் வேறொரு சட்டையின் பையில் கிடந்தது.

தனியாகப் போகையில் சத்தமில்லை, விளக்கும் சும்மா இருந்தது. திரும்பும்போது பின்சீட்டில் அவள் அழத் தொடங்கினாள். விளக்குகள் ஆடத் தொடங்கின. விசும்பினால் நீலம். "அப்பா" என்று குரலெடுத்தால் சிவப்பும் பச்சையும் கூரை முழுக்க ஓடின. வெளியே பனியெல்லாம் கலர் கலராக மின்னியது. தௌலா குவான் சிக்னலில் பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள்ஜி, மணப்பெண் எங்கே?" என்று இந்தியில் கேட்டான். குனிந்து உள்ளே பார்த்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதை அணைக்க முடியாதாண்ணே?"

"ரிமோட் வீட்ல இருக்கும்மா."

கூரைப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. என் வாழ்க்கையில் நேர்மையாக வேலை செய்த ஒரே கடைக்காரர் அவர்தான்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. என் விளக்கு ஆடக் கூடாதென்று தன் அப்பாவுக்கு அழாமல் வந்தாள். நானும் டெல்லியில் முதல்முறையாக ஹார்ன் அடிக்காமல் ஓட்டினேன்.

மோதி பாக்கில் எங்கள் காலனி கேட் வந்தது. தூரத்தில் எங்கள் பிளாக் முன்னால் வண்டியும் கூட்டமும் தெரிந்தன. இன்னும் எடுக்கவில்லை.

"வாசல்லயே கொண்டுபோய் விட்டுடறேம்மா, நேரம் இல்லை" என்றேன்.

"வேண்டாம்ணே, இங்கயே நிறுத்துங்க. நான் இறங்கி அழணும்."