கொரியக் கடையில் கேட்ட அப்பா

புளோர் தெருவில், கொரியர்களின் கடைகள் தொடங்கும் இடத்தில் அத்தானுடன் நடக்கிறேன். அக்காவின் கணவர். ஊரிலிருந்து வந்து இரண்டு கிழமை. நான் குடியேறிய இந்த நாட்டின் கோபுரமும் நீர்வீழ்ச்சியும் காட்டிவிட்டேன். செத்த வீட்டில் தேத்தண்ணி வாங்குகிறவரைப் போல எல்லாவற்றுக்கும் "வடிவாக் கிடக்கு" என்கிறார். போரில் இடம்பெயர்ந்த வழியில் ஷெல் விழுந்து செத்துப்போன மகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மரக்கறிக் கடை வாசலில் ஒரு முள்ளங்கியைத் தூக்கிப் பார்க்கிறார். "உது என்னடாப்பா, கைக்குழந்தை மாதிரிக் கனக்குது." முதல்முறையாகச் சிரிக்கிறார்.

உள்ளேயிருந்து ஒரு சிறுமி கூப்பிடுகிறாள். "அப்பா!"

"ஓம் குஞ்சு, வாறன்."

முள்ளங்கியைப் போட்டுவிட்டு அத்தான் உள்ளே ஓடுகிறார். அரிசி மூட்டைகளின் மேல் ஏறி, இறங்கத் தெரியாமல் நிற்கிறது ஒரு கொரியப் பிள்ளை. தகப்பனான கடைக்காரர் வந்து தூக்கிக்கொள்கிறார். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று அத்தானுக்குத் தெரியவில்லை.

"அவையளும் தகப்பனை அப்பா எண்டுதான் கூப்பிடுறவை, அத்தான். நான் முதலே சொல்லியிருக்கவேணும்."

கடைக்காரர் அத்தானைக் காட்டி என்னிடம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்கிறார். அத்தான் என் பக்கம் திரும்புகிறார்.

"என்னவாம்?"

"உங்களுக்கும் மகள் இருக்கோ, என்ன வயசு எண்டு கேக்கிறார்."

"ஏழு எண்டு சொல்லு."

சொல்கிறேன். இரண்டு வருடமாக அவளுக்கு ஏழு வயதுதான். கடைக்காரர் ஒரு தோடம்பழத்தை எடுத்து, மகளுக்குக் கொடுக்கச் சொல்லி நீட்டுகிறார். அத்தான் இரண்டு கையாலும் வாங்குகிறார்.