லெபாந்தோவில் நான் சேர்த்த வரி

எங்கள் எஸ்டேட்டில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று தேடினால் மூன்று பேர் தேறுவார்கள். ஆனால் வருஷா வருஷம் அக்டோபரில், ஜெபமாலை மாதா திருநாளுக்கு, நாங்கள் ஒரு கடற்போரையே நடத்திக் காட்டுவோம். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவே, கோயில் முற்றத்தில். அலைக்கு நீலச் சேலை, கப்பலுக்கு மூங்கில் தட்டி. துருக்கித் தளபதியின் வெட்டுப்பட்ட தலைக்குத் தாடி ஒட்டிய பூசணிக்காய். அந்தத் தளபதிக்குத் தலைப்பாகை கட்டப் பச்சைத் துணி கொடுப்பவர் பஜாரில் கடை வைத்திருந்த ராவுத்தர். தன் ஆளைக் கொல்லும் நாடகம் என்று தெரிந்தே கொடுப்பார், வந்து உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கவும் செய்வார். அவருக்கு இருந்த பெருந்தன்மை எங்கள் கோயில்காரர்களுக்கு இருந்ததில்லை.

போர் லெபாந்தோ என்ற இடத்தில் நடந்தது. ஒரு பக்கம் கிறிஸ்தவ அரசர்கள் கூட்டாக அனுப்பிய கப்பல்கள், மறுபக்கம் துருக்கி சுல்தானின் கப்பல்கள். கிறிஸ்தவத் தளபதிக்கு இருபத்துநாலு வயது. ராஜாவின் மகன்தான், ஆனால் ராணி பெற்ற மகன் இல்லை. துருக்கித் தளபதியும் வீரத்தில் அவனுக்கு இளைத்தவன் இல்லை. அவன் விழுந்து, அவன் தலை ஈட்டியில் ஏறியதும் அவன் படை நிலைகுலைந்து போனது. ஒரே பகலில் எல்லாம் முடிந்துவிட்டது. இதைப் பாட்டும் வசனமுமாக எழுதிய பழைய ஏடு ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த எங்கள் ஆட்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஏடு என்பது பேருக்குத்தான், தைத்துக் கட்டிய தடித்த நோட்டு.

ஏடு கோயில் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால் யாராவது கோயிலிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவர் வசனத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவனவனுக்கு அவனவன் பேச்சு, அதற்கு முன்னால் எதிராளி முடிக்கும் நாலு வார்த்தை, அவ்வளவுதான். சீட்டை வாங்கும்போது ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. ஜெயிக்கும் காட்சிக்கு ஒத்திகை கிடையாது. ஜெயத்தை முன்கூட்டியே பேசினால் மாதாவுக்கு ஆகாதாம்.

பெண்கள் மேடை ஏறக் கூடாது, ஆனால் சீட்டு எழுதலாம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பதினைந்து வயதிலிருந்து நான்தான் எழுதினேன். எழுதியவளிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. அங்கேதான் அவர்கள் கோட்டை விட்டார்கள்.

எழுத எழுத எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. போருக்கு முன்னால் தளபதி தன் கப்பலில் துடுப்பு வலிக்கும் கைதிகளிடம் வந்து, "இன்று உயிரைக் கொடுத்து நில்லுங்கள், வெற்றி வந்ததும் உங்கள் விலங்கு கழலும்" என்று வாக்குக் கொடுப்பான். பிறகு போர், பூசணிக்காய், வெற்றி, நன்றிப் பாட்டு, மங்களம். வாக்கு என்ன ஆனது என்று ஏட்டில் ஒரு வரி இல்லை. மாட்டுச் சங்கிலியைக் காலில் சுற்றிக்கொண்டு எட்டுப் பேர் அப்படியே நின்று மாதாவுக்கு நன்றி பாடுவார்கள். ஐந்து வருஷம் அதை அப்படியே எழுதினேன். எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் நான் பேசமாட்டேன், மனசுக்குள்ளேயே வைத்துப் பழுக்க விடுவேன். பேசிவிடுகிறவர்களே மேல்.

1971. போர் நடந்து நானூறு வருஷம் ஆகிறது என்று பெரிதாக நடத்த ஏற்பாடு. அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்கு ஓய்வு. செக்ரோலில், அதாவது நிரந்தர ஆட்களின் பதிவேட்டில், பெயர் இருந்தால்தான் தோட்டத்து லயத்தில் வீடு. அப்பா பெயர் போனால், பிள்ளைகளில் ஒருவர் பெயராவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் சட்டி பானையோடு இறங்க வேண்டியதுதான். அண்ணனும் நானும் தற்காலிகம். மழைக்காலத்தில், கொழுந்து மலிந்த நேரத்தில், தோட்ட மேனேஜரான துரை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் மஸ்டருக்கே வந்து சொன்னார்: லீவு எடுக்காமல் வேலை பார்க்கிற தற்காலிக ஆட்களை எல்லாம் சீசன் முடிந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று. அண்ணன் காய்ச்சலோடு கவாத்துக் கத்தி பிடித்தான். சீசன் முடிந்தது. துரை மூச்சு விடவில்லை. அப்பாவின் இடத்துக்கு அண்ணன் பெயர் மட்டும் துரையிடம் போயிருப்பதாகக் கண்டக்டர் சொன்னார். தோட்டத்தில் வேலை வாங்குகிற உத்தியோகஸ்தர் அவர், கோயில் தலைவரும் அவரே. தளபதி வேஷம் அவர் மகனுக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

துடுப்புக்காரர்களின் தலைவனாக அந்த வருஷம் என் அண்ணன். அதுவரை நடித்த கிழவர் பல் போனவர், பாதி வசனத்தை விழுங்கிவிடுவார். அண்ணனுக்குக் கணீரென்ற குரல். அவன் சீட்டை எழுதி முடித்தபோது கை நிற்கவில்லை. வெற்றிக்குப் பிறகு, நன்றிப் பாட்டுக்கு முன்னால், ஏட்டின் நடையிலேயே ஒரு வரி சேர்த்தேன்: "தளபதியே, வெற்றி வந்தது. எங்கள் விலங்கு கழலும் நாள் எது?"

அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பேசியிருக்க மாட்டான். அவன் வாயில் அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. இதற்கு மேல் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நாடகம் தொடங்கியது. துரை முன்னால் நாற்காலியில், பக்கத்தில் கண்டக்டர். பூசணிக்காய் ஈட்டியில் ஏறியது. கண்டக்டர் மகன் வாளைத் தூக்கி, "வெற்றி நமதே, பாடுங்கள்" என்றான். அண்ணன் சங்கிலியோடு ஒரு அடி முன்னால் வந்து அந்த வரியைச் சொன்னான். கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது.

தளபதியின் சீட்டில் இதற்குப் பதில் இல்லை. அவன் திருதிருவென விழித்தான். மறுபடியும் "வெற்றி நமதே" என்றான். கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அத விடுங்க தளபதி, நாளு எதுன்னு சொல்லுங்க!" என்று கத்தினாள். முற்றமே சிரித்தது, கைதட்டியது. துரை என்னவென்று கேட்க, கண்டக்டர் அவர் காதில் குனிந்தார். கண்டக்டரின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூசுகிறது.

மறுநாள் மஸ்டரில் அண்ணனுக்கு வேலை கொடுக்கவில்லை. சாயங்காலம் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். அவன் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏ பிள்ள, அந்த வசனம் ஏட்டுல இருக்குல்லா? கிழவன் இத்தன வருசமா முழுங்கிட்டான் போல."

"இருக்கு" என்றேன்.

பயந்துவிட்டேன். அந்த ஒரு சொல் வாயிலிருந்து தானாக வந்தது.

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். ஊர் ஆண்கள் எல்லாம் கோயிலுக்குள் நின்றார்கள். பெண்கள் பக்கம் நான், வாசலை ஒட்டி அப்பா.

"யாருல ஒன்ன அப்படிப் பேசச் சொன்னது?" என்றார் கண்டக்டர்.

"யாரு சொல்லணும்? ஏட்டுல உள்ளதத்தான பேசுனேன். எடுத்துப் பாருங்க."

பெட்டியைத் திறந்து ஏட்டை எடுத்தார்கள். கண்டக்டர் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டி, வெற்றிக் காட்சியைச் சத்தமாக வாசித்தார். வெற்றி நமதே, பாடுங்கள். அதற்கு அடுத்து நன்றிப் பாட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கணக்குப் புரிந்துவிட்ட பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அப்பா எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியாது, என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். "ஒண்ணு போயிருச்சு. நீயும் போயிராத" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. வீட்டில் அந்தச் சீட்டை அவரும் பார்த்திருந்தார், என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

"சீட்டு எங்க?" என்றார் கண்டக்டர்.

"அடுப்புல போட்டுட்டேன்" என்றான் அண்ணன். சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. "நானாச் சேத்ததுதான். வேற ஆருக்கும் தெரியாது."

சத்தியத்தை மீறியதற்கு மாதா முன்னால் முழங்காலில் நிற்க வைத்தார்கள். துரையை அவமதித்ததற்கு வேலை போனது. தற்காலிகக்காரனுக்காகச் சண்டை போட யூனியனில் ஆள் இல்லை. நான்கு நாள் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு போடிக்குப் பஸ் ஏறினான். ஏறும்போது சீட்டை என் கையில் திணித்து, "இத மொதல்ல எரி" என்றான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். போடியில் ஏலக்காய் மூட்டை சுமந்தான் என்று கேள்விப்பட்டோம், பிறகு அதுவும் கேள்விப்படவில்லை.

அப்பாவின் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. கண்டக்டர் தானாகவே துரையிடம் என் பெயரைச் சொன்னாராம். "அண்ணன் மாதிரி இல்ல, வாயில்லாப் பூச்சி" என்று. என் பெயர் ஏறியது. அந்த வீட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன்.

லெபாந்தோவில் பிடிபட்ட துருக்கிக் கப்பல்காரர்களில் நிறையப் பேரை ஜெயித்தவர்கள் தங்கள் கப்பல்களில் துடுப்பு வலிக்கக் கட்டிப்போட்டார்கள் என்று பின்னால் எங்கோ படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒருவன் எழுந்துபோன துடுப்புப் பலகையில் இன்னொருவரை உட்கார வைப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

அடுத்த அக்டோபரில் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டு ஏட்டைக் கையில் கொடுத்தார். அந்த வருஷமும் சீட்டுகளை நான்தான் எழுதினேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.