அம்மாவுக்குத் தெரிந்த சேஞ்ச்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காஸ் சிலிண்டர் மாற்றியது. நான் உருட்டிக்கொண்டு வந்தேன். அவள் ரெகுலேட்டரைப் பொருத்தி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தாள். நிமிர்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கனகவல்லி, திருநெல்வேலிக்காரி. அப்பாவுக்குப் புனே பக்கம் சிஞ்ச்வட்டில் வேலை. கல்யாணமாகி, அதை அடுத்த நிக்டிக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஹிந்தியும் ஆங்கிலமும் காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் கற்றவை. அப்பா போன பிறகு பதினொரு வருடம் இட்லி மாவு அரைத்து எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் விற்றாள். அறுபது ரூபாய் பாக்கெட்டுக்கு எல்லாரும் நூறு ரூபாயை நீட்டுவார்கள். அவளுக்கு சேஞ்ச் என்றால் சில்லறை. வேறு பொருள் கிடையாது. சிலிண்டர், புடவை, பஸ் எல்லாவற்றையும் அவள் மாற்றத்தான் செய்வாள், சேஞ்ச் பண்ண மாட்டாள்.

என் வேலை மென்பொருள் சோதனை; அதை மாற்று, இதை மாற்று என்று கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன்.

“சில்லறை கேக்கதுக்கா ஒனக்கு இம்புட்டுச் சம்பளம்?” என்றாள்.

பிப்ரவரியில் கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். கூடப் போவதாகச் சொல்லியிருந்தேன். அன்று ஆபீசில் மென்பொருள் ரிலீஸ். தனியாகப் போய்வந்து சாயங்காலம் போன் செய்தாள்.

“ஏட்டி, டாக்டரும் சேஞ்ச் கேக்காவ. பர்ஸத் தொறந்து பாத்தேன். இல்லன்னுட்டேன். எழுதிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாவ.”

சிரித்தேன். அவர் கேட்டது சில்லறை இல்லை, உடம்பில் ஏதாவது மாறுதல் உண்டா என்று விளக்கினேன். அவளும் சிரித்தாள். மாறுதல் உண்டா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ஆபீசில் இதைச் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது.

அந்தப் போன் வந்த ஒன்பதாம் நாள் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் அவள் கணுக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே இருந்தது. எத்தனை நாளாக வீக்கம் என்று கேட்டார். தெரியாது என்றேன். இதயம் சில வாரங்களாகவே தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது, முன்பே தெரிந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். மறுநாள் மதியம் அம்மா இறந்தாள்.

கிளினிக் சீட்டில், ஆங்கிலத்தில், ஒரே வரி: மாறுதல் இல்லை, அதே மாத்திரை. அவர் கேட்டார், அவள் பதில் சொன்னாள், அவர் எழுதினார். பிழை எந்தப் படியில் என்று தேடிப் பார்த்தேன். பிழை நடந்தது தெரியவந்தது எனக்கு மட்டும்தான், அவள் போன் செய்த அன்று சாயங்காலமே.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் செருப்புத் தைப்பவர் என்னைக் கூப்பிட்டார். மாவு விற்கிற அம்மாவின் மகள்தானே என்றார். செருப்பின் வாரைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாளாம். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை. ஏன் என்று அவர் கேட்டிருக்கிறார். கால் வீங்குகிறது, மாலையானால் இன்னும் கூடுகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

செருப்பு தயாராக இருந்தது. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாளாம்.