பன்னிரண்டு சென்ட் அபிதகுசாம்பாள்

கையில் கேரி பேக்கோடு வருகிறவர் யாராக இருந்தாலும் அபிதகுசாம்பாள் கேட்டைத் திறப்பதில்லை. கேட்டுக்கு மேலாக முறத்தை நீட்டுவாள்.

"இதுல கொட்டுங்க. கவர மடிச்சி உங்க பையிலயே வச்சிகினு உள்ள வாங்க."

வந்தவர் ஆப்பிள்களை முறத்தில் உருட்டிவிட்டு, வெறும் கவரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, திருடிவிட்டுப் பிடிபட்டவர் மாதிரி நிற்பார். அதற்கப்புறம்தான் அவள் முகம் மலரும். "வாங்க, வாங்க. வீட்ல எல்லாம் சவுக்கியமா?"

கணவர் ஜெயச்சந்திரனுக்கும் இதே சட்டம்தான். ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிற மனிதர். ஒருநாள் அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த க்ரீம் பிஸ்கட் அகப்பட்டுவிட்டது. அவள் சண்டை போடவில்லை. "தின்னுங்க, யாரு வாணாம்னா? கவர மட்டும் கடக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட அனுபவத்தில் அவரும் வாதாடாமல் போய்க் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

டவுனில் குடியிருந்தபோது வீட்டு வாசலில் ஓடிய கால்வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அக்கம்பக்கத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் இருந்தார்கள். காலையில் சிவப்பாக ஓடும் தண்ணீர் மத்தியானம் பச்சையாகும். ஒருநாள் காப்பி டம்ளரோடு வாசலில் நின்ற ஜெயச்சந்திரனை அவள் கூப்பிட்டுக் காட்டினாள். "இந்த மாம்பழ மஞ்சளத் தெரியுதா? நேத்து பெருமையா வித்துட்டு வந்தீங்களே, அந்தப் புடவையோட மிச்சந்தான் போய்க்கினு இருக்குது. நம்ம வூட்லேர்ந்து கௌம்புறது எங்க போவுதுன்னு ஒருநாளாச்சும் ரோசன பண்ணமா?"

அவர் ரோசனை பண்ணவில்லை. அவள் பண்ணினாள். முள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில், பிற்பாடு விலை ஏறும் என்று அவர் வாங்கிப்போட்டிருந்த பன்னிரண்டு சென்ட் மனையில் ஓடு வேய்ந்த சின்ன வீடு ஒன்றைக் கட்டி, அவரையும் மகள் தீபாவையும் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். சுற்றிலும் மற்றவர்களுடைய மனைகள் எல்லைக்கல் மட்டும் நட்டுக் காலியாகக் கிடக்க, நடுவில் இவளுடைய மனை மட்டும் வாழையும் முருங்கையும் புடலைப் பந்தலுமாக அடைத்துக்கொண்டு நிற்கும். மனையில் ஒரு பசு, கொஞ்சம் கோழிகள். சாணமும் சமையல் கழிவும் போடுகிற கறுப்பு டிரம்மிலிருந்து அடுப்புக்கு எரிவாயு வரும். மேகம் மூடினால் வாயு குறைந்துபோகும். ஆகவே ஜெயச்சந்திரன் காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகுதான் காப்பியைப் பற்றி யோசிப்பார். காப்பி என்பதும் பேச்சுக்குத்தான். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட வெந்நீர் அது.

அரிசிக்குப் பன்னிரண்டு சென்ட் போதாது. பக்கத்து ஊர் விவசாயி கந்தசாமிக்கு முட்டையும் கீரையும் கொடுத்து நெல் எடுத்துக்கொள்வாள். "வாங்கினியா?" என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். "வாங்கல. மாத்திக்கினேன்." உப்பைப் பற்றி மட்டும் அவளிடம் பேச்செடுக்கக் கூடாது. ஆரணியில் கடல் இல்லாதது அவளுக்குத் தீராத குறை.

வீட்டுக்குக் காவல், தாசில்தார். அது ஓர் ஆண் வான்கோழி. இறகை விரித்துக்கொண்டு, கழுத்துத் தொங்கலை ஆட்டிக்கொண்டு, மனு கொடுக்க வந்தவர்களை முறைப்பதுபோல் எல்லாரையும் முறைக்கும். பெயர் வைத்தவள் தீபா.

தீபாவுக்கு ஆரணியில் தனியார் வங்கி ஒன்றில் வேலை. அம்மாவின் மேல் உயிர். அம்மாவின் கக்கூசின் மேல் மட்டும் தீராத பகை. அது தண்ணீர் ஊற்றாத கக்கூஸ். போய்விட்டுச் சாம்பல் போட வேண்டும். மாதக்கணக்கில் மூடிவைத்தால் உரமாகி வாழைக்குப் போகும். "எனக்கு மாப்பிள்ள எப்படி இருந்தாலும் பரவால்லப்பா. பட்டன அமுக்குனா தண்ணி வரணும்" என்று அப்பாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்.

ஆவணியில் தெள்ளாரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பையன் விக்னேஷுக்குச் சென்னையில் வேலை. ஊரில் இரண்டு மாடி வீடு. அப்பாவும் மகளும் சேர்ந்து திட்டம் போட்டு, டவுனில் இருக்கும் சித்தப்பா வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மெல்ல ஆரம்பித்தார்கள்.

"எதுக்கு? சித்தப்பன் வூட்டையா கட்டிக்கினு போகப் போறாங்க? இன்னிக்கு மறைச்சிட்டு நாளைக்கு முழிச்சா அதான் பேஜார். நம்மளப் பாக்கட்டும். புடிச்சா சரி, புடிக்கலன்னா போய்க்கினே இருக்கட்டும்" என்றாள் அபிதகுசாம்பாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு வானம் மூடிக்கொண்டது. முருங்கைக்கீரை வடை பாதி வேகும்போதே அடுப்பு முனகி அணைந்தது. மிச்ச வடையை விறகடுப்பில் போட்டு எடுத்து, கண் சிவக்க அவள் கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். விக்னேஷ், அவன் மாமா, அம்மா விருத்தாம்பாள். தடித்த சரிகைப் புடவையில் விருத்தாம்பாள் விறைப்பாக இருந்தாள். ஓட்டுக் கூரையையும் தரையையும் பார்த்தாள், வடையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து கேட்டாள்.

"பாத்ரூம் எந்தப் பக்கங்க?"

உள்ளறையில் தீபா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. "பின்னால போங்க. தண்ணி ஊத்திடாதீங்க. போயிட்டு ரெண்டு கை சாம்பல் தூவுங்க. கழுவுறதுக்குப் பக்கத்துலயே வேற எடம் கீது."

விக்னேஷ் மின்விசிறியை ஆராயத் தொடங்கினான். மாமா இருமினார்.

போன விருத்தாம்பாள் வரவில்லை. வடை ஆறியது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் பின்பக்கத்திலிருந்து தாசில்தாரின் 'களகள' சத்தம் விடாமல் வந்துகொண்டிருப்பது ஜெயச்சந்திரனுக்கு உறைத்தது. அபிதகுசாம்பாள் விளக்குமாற்றோடு ஓடினாள். அவர் சமையலறை ஜன்னலோரம் போய் நின்றார்.

கக்கூஸ் கதவுக்கு முன்னால் தாசில்தார் முழு அதிகாரத்தோடு உலாத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இது போயிடுச்சா?"

"தொரத்திட்டேங்க. வாங்க வெளிய."

கதவு திறந்தது. சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று ஜெயச்சந்திரன் தீர்மானித்துக்கொண்டார். ஆனால் விருத்தாம்பாள் வெளியே வராமல் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏம்மா, இம்மாம் நேரம் உள்ள நின்னுகினு இருந்தேன். நாத்தமே இல்லியே. எப்படி?"

"சாம்பல்தாங்க."

"எங்க வூட்ல மழ பேஞ்சா கக்கூஸ் டேங்கு ரொம்பிடுது. லாரிக்காரன் வர்றதுக்குள்ள தெருவே மூக்கப் புடிச்சிகினு எங்களத் திட்டுது. ரெண்டு மாடி கட்டி இன்னா பிரயோசனம்? மழக்காலம் வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாருகிட்டயும் இத்தச் சொல்லிக்க முடியலம்மா."

"வாங்க, எப்படிக் கட்டறதுன்னு காட்டறேன்."

இரண்டு பேரும் கூடத்தை மறந்தே போனார்கள். குழியைப் பார்த்தார்கள், டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது விருத்தாம்பாள் சரிகைப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மடியில் பாகற்காய். உட்காருவதற்கு முன்பே அறிவித்தாள்.

"எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குது."

"நீ இன்னும் பொண்ணப் பாக்கவே இல்லியேம்மா!" என்றான் விக்னேஷ்.

அதன்பிறகுதான் தீபா வந்தாள். இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லிப் பந்தலுக்கு அடியில் அனுப்பினார்கள். தீபா வேறு எதுவும் கேட்கவில்லை. "உங்க வீட்லயும் சாம்பல்தானா?" என்றாள். அவன் சிரித்துவிட்டான். "அம்மா தெள்ளார்ல கட்டினா கட்டிக்கட்டுங்க. நான் இருக்கிறது சென்னைல, மூணாவது மாடி ஃப்ளாட்டு. சாம்பலுக்கு நான் எங்க போவேன்?" அவள் உடனே சம்மதம் சொன்னாள். கல்யாணம் தையில் என்று முடிவானது.

எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தீபா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ம்மா, என்னால உன்ன மாதிரியெல்லாம் இருக்க முடியாதும்மா. கோவமா?"

அபிதகுசாம்பாள் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். "யாருடி உன்ன இருக்கச் சொன்னது? நான் எங்கம்மா மாதிரியா இருக்கேன்? போ, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

மறுநாள் காலையில் ஜெயச்சந்திரன் வழக்கம்போல வானத்தைப் பார்க்க வெளியே வந்தார். வாசலை ஒட்டிய பாத்தியில் அவள் குந்தியிருந்தாள். பக்கத்தில் பிடுங்கிப்போட்ட கத்தரிச் செடிகள் குவிந்து கிடந்தன. பூவும் பிஞ்சுமாகக் காய்த்துக்கொண்டிருந்த செடிகள். தின்ன முடியாத எதற்கும் இந்த மனையில் அவள் அதுவரை ஒரு சாண் இடம் விட்டதில்லை.

"காய்ச்சிகினு இருக்கிற செடிய ஏன் அபிதா புடுங்கற?"

"தைக்குள்ள பூக்கணும்" என்றாள் நிமிராமலே. வாழையிலையில் சுற்றிவைத்திருந்த கனகாம்பர நாற்றுகளில் ஒன்றை எடுத்துப் பாத்தியில் ஊன்றி, இரண்டு கட்டைவிரலாலும் மண்ணை அழுத்தினாள்.